அறுநூறு மீட்டர்

“இதுக்கு மேல தடம் இல்ல டீச்சர்,” என்றார் ஆவுடையப்பன்.

“படத்துல இருக்கே,” என்றாள் ஜெபக்கனி.

எதிரே இடுப்புயரப் பெரணிச் செடிகள் மூடிய சரிவு இறங்கியது. இவ்வளவு தூரம் கூட வந்த பாதை ஒரு நாவல் மரத்தடியில் நின்றுவிட்டது. ஆவுடையப்பன் கையிலிருந்த வரைபடத்தில் அது நிற்கவில்லை. பச்சைக் கோடாக மூன்று முறை வளைந்து ஓடை வரை போய், அக்கரையில் ஏறி, கீழ்க் கேட்டைத் தொட்டது.

“நீங்க போட்ட தடம் அண்ணாச்சி. நீங்களே முன்னால போங்க.”

காலை எட்டு மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் மேல் கேட்டில் பெயர் எழுதிவிட்டு, இதே வரைபடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள். பன்னிரண்டுக்குக் கீழ்க் கேட்டில் இறங்கியிருக்க வேண்டும். இப்போது மூன்றரை. மேற்கே மலை தெரியவில்லை. அங்கே மழை பிடித்துவிட்டது. அங்கே பெய்தால் முக்கால் மணி நேரத்தில் இங்கே ஓடை பெருகும். வனக்காவலர் பூதத்தான் நான்கு பேரோடு அவர்களைத் தேடிக் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தார்.

காப்புக்காட்டில் பொதுமக்கள் நடக்கலாம் என்று விடப்பட்ட தடங்களை அளந்து படமாக்குவது ஜெபக்கனியின் வேலை. ஆவுடையப்பன் அவளிடம் கற்றுக்கொள்ள வந்து இரண்டு வருடம். அவளைவிடப் பதினோரு வயது மூத்தவர். முப்பது வருடம் ஒரு சர்வே அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் அளந்து கொண்டுவந்ததைப் படமாக வரைந்தவர். நல்ல கை என்று அங்கே பெயர்.

ஜூன் மாதம் இந்தத் தடத்தை அளக்க மேலிருந்து வந்தவர் நாவல் மரத்தடியிலேயே திரும்பிவிட்டார். மழை, காலெல்லாம் அட்டை. மறுநாள் கீழிருந்து ஏறி, ஓடையின் அக்கரையில் திரும்பினார். நடுவில் அறுநூறு மீட்டர் மிச்சம். படம் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. முதலில் இரு முனைகளையும் நேர்க்கோட்டால் இணைத்தார். ஸ்கேல் வைத்து இழுத்தது பார்த்தவுடன் தெரிந்தது. அதை அழித்துவிட்டு, சரிவின் போக்கைப் பார்த்து, அங்கே ஒரு பாதை இருந்தால் எப்படிப் போகுமோ அப்படி மூன்று வளைவு கொடுத்தார். மூன்றாவது வளைவு அவருக்கே பிடித்திருந்தது.

இது ஜெபக்கனிக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

பெரணிக்குள் இறங்கினார். மண் ஈரமாக இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் அரை அடி உள்ளே போனது.

“எத்தனை மீட்டர்ல முதல் வளைவு?”

“நூத்தி இருபது.”

அவள் அடிகளை எண்ணிக்கொண்டே பின்னால் வந்தாள். நூற்றிருபதில் நின்றாள்.

“இங்க ஏன் வலது பக்கம் திரும்புது?”

“ஒரு பாறை குறுக்க இருந்துது.”

அவள் பாறையைத் தேடவில்லை. அவர்தான் தேடினார். பெரணி, சேறு, ஒரு விழுந்த மரம். பாறை இல்லை.

“பெரணி மூடியிருக்கும்,” என்றார்.

“மூடியிருக்கும்,” என்றாள்.

விழுந்த மரத்துக்கு இடப்பக்கம் தரை அகலமாக, காய்ந்து கிடந்தது. யாரானாலும் அந்தப் பக்கம்தான் போவார்கள். ஜெபக்கனி குனிந்தாள். சேற்றில் இரண்டு ஜோடிச் செருப்புத் தடம். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மரத்தின் முன்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றதில் சேறு மிதிபட்டுக் கிடந்தது. பிறகு காய்ந்த தரையை விட்டுவிட்டு இரண்டு ஜோடியும் வலப்பக்கம், சரிவான பக்கம், திரும்பியிருந்தன.

கோடு திரும்பும் இடத்தில்.

ஆவுடையப்பன் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டாவது வளைவு எங்க அண்ணாச்சி?”

“டீச்சர்.”

“எங்க?”

“இங்க நான் வரல டீச்சர்.”

அவள் நிமிரவில்லை.

“நாவல் மரத்துல திரும்பிட்டேன். இந்த அறுநூறு மீட்டரும் நான் போட்டது. கையால போட்டது.”

ஜெபக்கனி கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து மூன்று முறை ஊதினாள். காத்திருந்தார்கள். தூரத்தில் ஓடைச் சத்தம். மறுபடி ஊதினாள்.

“ரெண்டாவது வளைவு,” என்றாள்.

“இருநூத்தி எண்பதுல. இடது.”

“நடங்க.”

“கோடே பொய்னு சொல்றேன்.”

“அவங்க அதைப் பிடிச்சுதான் போயிருக்காங்க. அதை விட்டா அவங்களைத் தேட நமக்கு வேற வழி இல்ல.”

அவர் நடந்தார். இருநூற்றெண்பதில் தடம் இடது பக்கம் திரும்பியிருந்தது. அங்கே ஒரு புதரில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். சரிவு அங்கிருந்து செங்குத்தாகிறது. திரும்பிப் போக அதுதான் இடம். தடம் திரும்பிப் போகவில்லை.

மூன்றாவது வளைவில் தரை முடிந்தது. பெரணியின் நுனிகள் வெறும் காற்றில் ஆடின. ஜெபக்கனி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

கீழேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“யாரு, ஆளா, குரங்கா?”

இரண்டாள் உயரத்துக்குக் கீழே ஒரு பாறைத் திட்டு. அதில் பாறைச் சுவரோரமாக ஒரு மனிதர் காலை நீட்டிக் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுக்கு ஒரு முழம் கீழே ஓடை கலங்கலாக ஓடியது.

“விசிலு கேட்டு நானும் கத்துனேன், உங்களுக்குக் கேக்கல,” என்றாள். “காலைல தண்ணி அந்தா அங்க கெடந்துச்சு. இப்ப இங்க நிக்கி.”

ஜெபக்கனி கயிற்றை மரத்தில் கட்டினாள்.

“நான் இறங்கறேன்,” என்றார் ஆவுடையப்பன்.

“உங்களுக்கு முட்டி வலி.”

“இறங்கறேன் டீச்சர்.”

அவர் இறங்கியபோது உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. கீழே விழுந்தவர் பெயர் தளவாய். மனைவி வடிவு. தென்காசியில் மளிகைக் கடை. தளவாயின் வலது கணுக்கால் வீங்கி, பாதம் வேறு திசை பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் இரண்டு குச்சிகளை வைத்து, துண்டைக் கிழித்து, காலோடு சேர்த்துக் கட்டினார்.

“கடைவீதிக்குப் போனாலே நாலு பேருகிட்ட வழி கேக்குற மனுசன்,” என்றாள் வடிவு. “இன்னைக்கு பேப்பரக் கைல வச்சிக்கிட்டு ராசா மாதிரி முன்னால போறாக. திரும்பிருவோம்னு நான் ரெண்டு இடத்துல சொன்னேன்.”

“சொன்னா,” என்றார் தளவாய். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “நாந்தான் கேக்கல. சும்மா ஒப்புக்குப் போட்ட படம்னா நேரா இழுத்திருப்பான்லா சார். இவன் பாத்துப் பாத்து வளைச்சிருக்கான். நடந்து பாக்காதவனுக்கு இப்படி வளைக்கத் தோணாதுன்னு இவகிட்ட சொன்னேன். அவம் மேல குத்தம் இல்ல. நாந்தான் எங்கயோ தப்பாத் திரும்பிட்டேன்.”

மேலே ஜெபக்கனி கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஆவுடையப்பன் கட்டின் முடிச்சை இறுக்கினார்.

“நீங்க எல்லா இடத்துலயும் சரியாத்தான் திரும்பினீங்க,” என்றார். “கோடுதான் பொய். நடக்காமப் போட்டது. போட்டவன் நான்.”

தளவாய் அவர் முகத்தைப் பார்த்தார். வடிவும் பார்த்தாள். தண்ணீர் திட்டின் விளிம்பில் ஏறி வடிவின் கால்விரலைத் தொட்டது.

“அதை அப்புறம் பேசிக்கிடலாம்,” என்றாள் அவள். “முதல்ல இவுகளத் தூக்குங்க.”

அக்கரையில் பூதத்தானின் குரல் கேட்டது. கொஞ்சம் மேலே, ஓடை அகன்ற இடத்தில், ஐந்து பேரும் கற்களில் கால் வைத்துக் கடந்தார்கள். கடைசி ஆள் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, அவர் மிதித்து வந்த கல் தண்ணீருக்குள் போயிருந்தது.

“இனி கீழ போக முடியாது,” என்றார் பூதத்தான், ஜெபக்கனி நின்ற இடத்துக்கு ஏறி வந்து. “மேலதான்.”

தளவாயைக் கயிற்றில் கட்டி, மேலேயிருந்து நான்கு பேர் இழுக்க, கீழேயிருந்து ஆவுடையப்பன் தோள் கொடுத்தார். தளவாய் ஒரே ஒரு முறை அலறினார். பிறகு வடிவு ஏறினாள். ஆவுடையப்பன் கடைசியாக ஏறியபோது அவர் நின்றிருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

இரண்டு கம்புகளில் போர்வையைக் கட்டி டோலி தயாரானது. மழை அவர்களையும் பிடித்துக்கொண்டது. அறுநூறு மீட்டர் ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இரண்டு முறை டோலியோடு சறுக்கினார்கள். வடிவு கணவனின் தலைமாட்டிலேயே வந்தாள். ஆவுடையப்பன் பக்கம் அவள் திரும்பவில்லை. தோள் மாற்றும்போது ஒரு தடவை மட்டும், “கையில ரத்தம் வருது. வேற ஆளப் பிடிக்கச் சொல்லுங்க,” என்றாள், பூதத்தானைப் பார்த்து.

நாவல் மரத்தடியில் டோலியை இறக்கி மூச்சு வாங்கினார்கள். அங்கிருந்து பாதை. பூதத்தான் தன் ஆட்களுக்கு பீடி கொடுத்தார். நனைந்த பீடி, பற்றவில்லை.

ஆவுடையப்பன் ஜெபக்கனியின் பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா டீச்சர்?”

“தெரியாது.”

“பின்ன ஏன் என்னை முன்னால விட்டீங்க?”

“போட்டவருக்கு வழி தெரியும்னு விட்டேன்.”

அவர் தலை குனிந்தார்.

“அந்தப் படத்துல கையெழுத்து என்னோடது,” என்றாள் அவள். “மூணாவது வளைவை நான் ரெண்டு தரம் பார்த்தேன். நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்.”

மழை இலைகளில் அடித்தது. டோலியில் தளவாய் முனகினார். வடிவு குனிந்து ஏதோ சொல்ல, அவர் அந்த நிலையிலும் சிரித்தார்.

“நாளைக்கு கேட்ல இந்தப் படம் போட்டு வச்சிருக்கிற போர்டை இறக்கிடறேன்,” என்றார் ஆவுடையப்பன். “நான் செஞ்சதை ரேஞ்சர்கிட்ட நானே எழுதிக் கொடுத்திடறேன். படத்துல அந்த அறுநூறு மீட்டரையும் எடுத்திடறேன்.”

“எடுங்க.”

“எடுத்தா மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு, நடுவுல வெறும் காகிதம். பாதி வேலைல விட்ட மாதிரி இருக்கும். கைல வாங்கிட்டு வர்றவங்க இந்த மரத்தடியில வந்து என்ன நினைப்பாங்க டீச்சர்?”

ஜெபக்கனி டோலிக் கம்பின் ஒரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“இங்கயே நின்னு நினைக்கட்டும்,” என்றாள்.

டோலி எழுந்தது. பாதையில் கால் பட்டதும் அவர்கள் வேகம் கூடியது. ஆவுடையப்பன் மண்ணைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் நகர்ந்து, பாதை பெரணியில் மறையும் இடத்தில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நின்றார். பையிலிருந்து இடம் குறிக்கும் ஜிபிஎஸ் கருவியை எடுத்தார். அடர்ந்த மரத்துக்குக் கீழே எண்கள் நிலைகொள்ள நேரம் பிடிக்கும். அதுவரை அசையக் கூடாது. கணுக்காலில் அட்டை ஏறியது. வடிவின் குரல் தள்ளிப் போய், பிறகு கேட்கவில்லை. எண்கள் ஓடி ஓடி நின்றதும் பொத்தானை அழுத்தி, பாதை முடியும் அந்த இடத்தைப் பதிந்துவிட்டு, அவர்கள் பின்னால் நடந்தார்.