பிளக்கைப் பிடுங்கிய முதலாளி

மின்சாரப் புல்வெட்டி செய்யும் கோவைக் கம்பெனி முதலாளி தெய்வசிகாமணிக்கு, தன் மிஷின் ஒரே பட்டனில் ஓடுவதில் ஏகப் பெருமை. அங்கே மிஷின் பாகங்களைப் பூட்டும் பூவாத்தாள், ஒரு கையால் பட்டனை அழுத்தி மறுகையால் லீவரையும் இழுத்தால்தான் ஓடும்படி ஒரு மிஷினைச் செய்து கொண்டுவந்தாள்.

"ஒரு கை வேலைக்கு ரெண்டு கையா? இது தேவைன்னு இப்பவே காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!" என்று எல்லார் முன்னாலும் சீறினார் முதலாளி.

"சரிங்க சார். உங்க ஒத்தைப் பட்டன் மிஷின்ல, பிளேடுல புல்லு சிக்கியிருக்குதுங்க. கொஞ்சம் எடுத்துவிடுங்க."

குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து, ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"ஏனுங்க பிடுங்கினீங்க?"

"எவனாவது தெரியாம பட்டனைத் தொட்டா என் விரல் போயிருமே!"

"வாங்குறவங்களுக்கும் விரல் இருக்குதுங்களே, சார்."

பட்டறையே சிரித்தது. மறுநாள் முதல் எல்லா மிஷினிலும் லீவர் ஏறியது.