கொத்திவைத்த மண்வெட்டி

யூத மதகுரு ரபி ஃபைவல் அந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்தபோது அங்கே யூதர்கள் இருந்தார்கள், ஜெபாலயம் இல்லை. சேர்ந்து தொழப் பத்து ஆண்களாவது வேண்டும். மரக்கடை நஃப்தாலி பக்கம் ஆறு பேர், ரொட்டிக்கடை கெட்ஸல் பக்கம் ஐந்து பேர். ஒரு சம்பந்தம் முறிந்துபோனதிலிருந்து இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. நஃப்தாலி கொடுத்தாலும் கொடுத்தனுப்பினாலும் தண்ணீர்கூட வாங்க மாட்டேன் என்று கெட்ஸல் ஊரறியச் சொல்லியிருந்தார்.

ரபியோடு வந்த சீடர் ஹிர்ஷ் அவரைவிட மூத்தவர். வேதம் படிக்க வருவதற்கு முன் கொத்தனார். வந்த வாரமே ஜெபாலயத்துக்கு இடம் பார்த்து, நான்கு மூலைக்கும் கயிறு கட்டிவிட்டார். அவசரக்காரர்.

ரபி அந்தக் கயிற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்த்தலைவரிடம் நடையாய் நடந்து, மலைச்சரிவில் இடுகாட்டுக்கு இடம் கேட்டு வாங்கினார். ஹிர்ஷுக்கு எரிச்சலாக இருந்தது. வாழ வந்த ஊரில் முதல் வேலை இதுதானா என்று கேட்டார்.

“இது வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?” என்றார் ரபி.

குளிர்காலத் தொடக்கத்தில், சத்திரத்தில் தங்கியிருந்த ஊசி நூல் வியாபாரி ஒருவர் இறந்துபோனார். யூதர். சொந்தபந்தம் யாரும் இல்லை. ரபி இரண்டு கடைக்கும் போய்ச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு வந்தார். நாதியில்லாத பிணத்தைப் புதைக்க வரமாட்டேன் என்று எந்த யூதனும் சொல்ல முடியாது. பதினொரு பேரும் வந்தார்கள். குழிக்கு அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் ஐந்து பேர்.

இருந்தது நஃப்தாலி கொண்டுவந்த ஒரே மண்வெட்டி. சவக்குழியை மூடும்போது மண்வெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. மண்ணில் கொத்திவைத்துவிட்டு விலக வேண்டும், அடுத்தவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். துக்கத்தைக் கைமாற்றக் கூடாது என்பது வழக்கம்.

நஃப்தாலி கொத்திவைத்துவிட்டு விலகினார். கெட்ஸல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து பிடுங்கி எடுத்தார்.

அன்றுதான் அந்த ஊரில் முதல்முறையாக எல்லோரும் சேர்ந்து தொழுதார்கள். ஹிர்ஷுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தொழுகை முடிந்ததும் இரண்டு பக்கத்தாரும் வேறு வேறு வழியாக இறங்கிப் போனார்கள்.

“ஒரு வார்த்தை பேசவில்லையே” என்று ஹிர்ஷ் வருத்தப்பட்டார்.

“பேசவா கூப்பிட்டோம்?” என்றார் ரபி.

மறுநாள் காலை ஹிர்ஷ் போய்ப் பார்த்தபோது, கயிறு கட்டிய நிலத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் அஸ்திவாரம் தோண்டியிருந்தது. அதன் முனையில் நஃப்தாலியின் மண்வெட்டி கொத்திவைத்திருந்தது. ஹிர்ஷ் அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் புறப்பட்டார். தெருமுனையில் ரபி எதிரே வந்தார்.

“எங்கே?”

“கெட்ஸலிடம் கொடுக்கப் போகிறேன். அடுத்த பக்கத்தை அவர் தோண்டட்டும்.”

“இருந்த இடத்திலேயே கொத்திவைத்துவிட்டு வாருங்கள்.”

“அது சவக்குழிக்கு உள்ள வழக்கம், ரபி. இங்கே கையில் கொடுத்தால் தவறில்லையே?”

“தவறே இல்லை” என்றார் ரபி. “அவர் வாங்குவாரா?”