குளக்கரைக்குப் போன மான்கள்

கோடையில் அந்தக் காட்டில் வற்றாமல் கிடந்தது ஒரே ஒரு குளம்தான். விடிந்ததும் எருமைக் கூட்டம் அதில் இறங்கிப் புரளும். தண்ணீர் சேறாகிவிடும். அது தெளிவதற்குள் மாலையாகிவிடும். அதனால் மான்கள் இருட்டும் நேரத்தில்தான் குடிக்க வந்தன. ஒருநாள் அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை பாய்ந்தது. செம்பி என்ற பெண்மானின் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

மான்கள் கொதித்துப் போயின. எருமைகள் வரும் வழியெல்லாம் முள்ளை இழுத்துப் போட வேண்டும் என்றது கூட்டத்தின் தலைவன் கூரன். கன்றுகளின் கால் கிழிந்தால்தான் எருமைகளுக்குப் புத்தி வரும் என்று மற்ற மான்களும் சேர்ந்துகொண்டன.

அப்போது செம்பி முன்னால் வந்தது.

"இன்னொரு தாயின் கன்று நொண்டினால் என் குட்டி திரும்பி வருமா? நாம் படும் பாடு எருமைகளுக்குத் தெரியுமா என்றுகூட நாம் கேட்டதில்லையே. எல்லாருமாகப் போய்ப் பேசுவோம்."

கூரனுக்கு அரை மனசுதான். ஆனாலும் செம்பியின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மான்கள் எல்லாம் குளக்கரையில் போய் நின்றன. சண்டைக்குத்தான் வந்திருக்கின்றன என்று நினைத்து, எருமைகளின் தலைவி காரி கொம்பைத் தாழ்த்தியது. கூரனும் குளம்பால் தரையைக் கீறியது. செம்பி இரண்டுக்கும் நடுவில் போய் நின்று, நடந்ததைச் சொன்னது.

காரி மெல்லக் கொம்பை நிமிர்த்தியது. தன்னை ஒட்டி நின்ற கன்றைத் திரும்பிப் பார்த்தது.

"இது எங்களுக்குத் தெரியாதம்மா. ஈக்கடியில் கன்றுகள் துடிக்கின்றன. அதனால்தான் விடிந்ததுமே இறங்குகிறோம். நீங்கள் எப்போது குடிக்கிறீர்கள் என்று நாங்களும் கேட்கவில்லை."

வெயில் ஏறும்வரை பேச்சு நடந்தது. சில நேரம் குரல்கள் உயர்ந்தன. ஆனால் யாரும் பாதியில் விலகிப் போகவில்லை. கடைசியில், காலையில் மான்கள் முதலில் குடிப்பது, அதுவரை எருமைகள் கரையைச் சுற்றிக் காவல் நிற்பது என்று முடிவாயிற்று.

"கன்றுகள் ஈக்கடியில் நிற்குமே. நாங்கள் சீக்கிரம் குடித்துவிட்டு விலகிவிடுகிறோம்" என்றது கூரன்.

அடுத்த நாள் மான்கள் தெளிந்த தண்ணீரைக் குடித்தன. எல்லாம் குடித்து முடித்த பிறகு செம்பி தனியாகக் குனிந்தது. காரி வந்து அதன் அருகில் நின்றுகொண்டது.

குறை உள்ளவர்கள் ஒன்றாகப் போய் அதை அமைதியாக எடுத்துச் சொல்லி, எதிரில் இருப்பவர் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்டால், பகையில்லாமலே நியாயம் கிடைக்கும்.