எய்னோவின் மூலை

பின்லாந்தில் ஏரிக்கரையோரம் ஒரு சிற்றூர். நெடுந்தூர ஓட்டத்தில் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிய எய்னோ, அந்த ஊர் ஓட்டக்காரர் சங்கத்தில் வளர்ந்தவர். அவர் காலமான பிறகு அங்கே பயிற்சி கொடுத்து வந்தது அவருடைய மகள் சாரா. சிஷ்யை ஹில்க்கா அவளைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் குரு குருதான். 'நீங்க' என்றுதான் பேசுவாள்.

சங்கத்தில் ஒரு சௌனா இருந்தது. சுட்ட கற்களில் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் உட்கார்ந்து வியர்க்கிற மர அறை. பெஞ்சுகள் படிப்படியாக இருக்கும். மேலே போகப் போகக் கொதிக்கும். உச்சிப் படியில் அசையாமல் உட்காருகிறவருக்குத்தான் ஊரில் மரியாதை. அந்த உச்சிப் படியின் மூலையில் 'எய்னோவின் இடம்' என்று பலகை அடித்து வைத்திருந்தார்கள். அங்கே யாரும் உட்காருவதில்லை. காலி பெஞ்சுக்கு அப்படியொரு மரியாதை.

மறுநாள் பெரிய பந்தயம். எய்னோ நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடிய நம்பரை ஹில்க்காவுக்குக் கொடுப்பதென்று சங்கம் முடிவு செய்துவிட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஹில்க்காவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மாலையில் சௌனாவில் குருவும் சிஷ்யையும் மட்டும் இருந்தார்கள். ஹில்க்கா வழக்கம்போலக் கதவோரம், கீழ்ப்படியில் ஒண்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நான் ஓடலை. அந்த நம்பரை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"கால்ல வலியா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. பயம்தான். அவர் எங்கே, நான் எங்கே? அந்த உச்சிப் படியில என்னால ஒரு நிமிஷம்கூட உட்கார முடியலை. அவரோட வாரிசுன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஓடறது?"

சாரா எழுந்தாள். கற்களின்மேல் தண்ணீரை அள்ளி ஊற்றினாள். சுர்ரென்று ஆவி கிளம்பியது. விறுவிறுவென்று மேலேறி, எய்னோவின் மூலையில் போய் உட்கார்ந்தாள்.

ஹில்க்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது அவர் இடமாச்சே."

சாராவின் காது சிவந்தது. பிறகு முகம், பிறகு கழுத்து. சற்று நேரத்தில் "அம்மாடி" என்று இறங்கி வந்து, ஹில்க்காவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்பா சொன்னது சரிதான். அங்கே மனுஷன் உட்கார முடியாது."

"அவரா அப்படிச் சொன்னார்?"

"ஒரே ஒரு நாள்தான் அங்கே உட்கார்ந்தார். பத்திரிகைக்காரங்க போட்டோ எடுக்க வந்தாங்க. ஆவியில கேமரா மங்கிடும்னு அடுப்பே மூட்டலை. அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் பலகை அடிச்சாங்க."

"இத்தனை வருஷமா நீங்க ஏன் சொல்லலை?"

"அவர் இருந்தவரைக்கும் வெளியே சொல்லாதேன்னு கெஞ்சுவார். அப்புறம் யாரும் கேட்கலை."

ஹில்க்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

"அப்போ அவர் எங்கேதான் உட்காருவார்?"

"நீ உட்கார்ந்திருக்கிற இடத்திலதான்."

ஹில்க்கா பதறி எழப் போனாள். சாரா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

கற்கள் மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"நாளைக்கு எப்பக் கிளம்பணும்?" என்று ஹில்க்கா கேட்டாள்.

"விடிஞ்சதும். இப்பக் கதவைக் கொஞ்சம் திறந்து வை. அப்பாவும் அப்படித்தான் பண்ணுவார்."