சுவராகிப்போன தைரியம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று. மேகம் ஓடியதில் மலையே நகர்வது போலிருந்தது.

தாணு சார் பழஞ்சொற்களுக்கு அகராதி எழுதுகிறவர். அவருக்கு ஒரே சிஷ்யை சுயம்புகனி. டெலிபோன் ஆபீசில் ஓய்வு பெற்றவள், குருவைவிட இருபது வயது மூத்தவள்.

அன்று அவள் எடுத்த சொல் 'பீல்டு' (bield). ஸ்காட்லாந்தில் ஆடுகளும் ஆட்களும் காற்றுக்கு ஒதுங்கும் மறைவு. சில இடங்களில் வெறும் கல்சுவர்.

"சாரே, பழைய இங்கிலீஷ்ல இதுக்கு மூலம் தைரியம்னு போட்டிருக்கு. தைரியம் எப்படிச் சுவராச்சு?"

"நீங்க என்ன நினைக்கீங்க அக்கா?"

"வயசாகிப் பயந்து ஒளிஞ்சிட்டு. என்னை மாதிரி."

மறுநாள் அவளுக்கு நாகர்கோவில் கோர்ட்டில் சாட்சி. செங்கல் சூளையில் ஒரு கூலிக்காரனை அவள் தம்பி மண்வெட்டிப் பிடியால் அடித்து முடமாக்கினான். பார்த்தது அவள் ஒருத்திதான். தம்பி முகத்துக்கு நேரே வாய் திறக்க வருமா என்று நாலு நாளாகத் தூக்கமில்லை.

"நாளைக்குச் சொல்லப்போறதை எழுதி வச்சிருக்கீங்கல்லா? எடுத்துட்டு வாங்க."

பொட்டலுக்கு நடந்தார்கள். காற்றாலைகள் தூக்கத்தில் புரள்வது போல் சுற்றிக்கொண்டிருந்தன.

"வாசிங்க."

தாள் அவள் முகத்தில் அறைந்தது. "என் தம்பி..." என்றாள். அதற்குமேல் குரலைக் காற்று கொண்டுபோயிற்று.

"நல்ல வாத்தியாரு! வீட்டுக்குள்ள வச்சு வாசிச்சா உமக்குக் காது கேக்காதோ?"

தாணு சார் காற்று வரும் மேற்குப் பக்கம் இரண்டடி தள்ளிப்போய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். வேட்டி படபடத்தது.

தாள் அடங்கியது. அவள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அடித்த இடம், எத்தனை அடி, விழும்போது அவன் கூப்பிட்ட சாமியின் பெயர். கடைசி வரிவரை வாசித்தாள். மேகத்தின் நிழல் இருவர் மேலும் ஏறி இறங்கிப் போயிற்று.

"சாரே, நாளைக்கு வந்து எனக்காக ஒரு வார்த்தை பேசுவீரா?"

"மாட்டேன்."

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"உங்க தம்பி எங்க நிப்பான்?"

"எனக்கு நேர் எதிரே. கண்ணெடுக்காமப் பாப்பான்."

"நடுவுல ஒரு ஆள் நிக்க இடம் இருக்குமா?"

"இருக்கும்."

"அது போதும்."