மகள் பேரில் வைத்த மரங்கள்

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறிய மடம். அதை நடத்தியவர் செண்பக அம்மை. அவருக்கு ஒரே சீடர், சங்கரபாண்டி. குருவைவிட வயதில் மூத்தவர். மகளைப் பறிகொடுத்த துக்கத்தில் மலையேறி வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

வந்ததும் மடத்துக்கு எதிரே இருந்த புல்சரிவு முழுக்கச் சீகை என்ற அயல்நாட்டு மரத்தின் கன்றுகளை நட்டார். எல்லாம் மகள் பூங்கொடியின் பேரில். சீகை கிடுகிடுவென வளர்ந்தது. மரம் வைப்பவரை யார் குறை சொல்வார்கள்? போவோர் வருவோரெல்லாம் மெச்சினார்கள். அம்மை மட்டும் வாய் திறக்கவில்லை. கேட்காதவருக்குச் சொல்வது அவர் வழக்கமில்லை.

ஒருநாள் சீடரே கேட்டார்.

"அம்மா, நான் வந்த புதுசுல இந்தச் சரிவுல வரையாடு கூட்டமா மேயும். இப்போ ஒண்ணுகூட வரல. இவ்வளவு நிழல் இருந்தும் ஏன் வரமாட்டேங்குது?"

"உங்க மரங்களுக்கு நடுவுல போய் உட்காருங்க. நான் வருவேன். பார்த்ததும் கையைத் தூக்குங்க."

உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முதுகில் ஒரு கை விழுந்தபோது துள்ளி எழுந்தார்.

பிறகு அம்மை அவரை மரமில்லாத மேட்டில் உட்காரவைத்துவிட்டுப் போனார். இந்த முறை, தொலைவில் அம்மையின் தலை தெரிந்ததுமே சீடர் கையைத் தூக்கிவிட்டார்.

அருகில் வந்த அம்மை கேட்டார்: "அங்க உங்க முதுகைத் தொட்டது சிறுத்தையா இருந்திருந்தா?"

சங்கரபாண்டி தன் மரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துரணுமா?"

"ஆடு வரணும்னா."

"என் பிள்ளை பேர்ல வச்சது அம்மா. என்னால ஆகாது. நீங்க ஆள் விட்டு வெட்டிருங்க."

"வச்ச கையாலதான் எடுக்கணும்."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அரிவாளோடு போனார். ஒவ்வொரு மரத்தையும் தொட்டுவிட்டு வெட்டினார். அழுதுகொண்டேதான் வெட்டினார். சீகையும் லேசுப்பட்டதல்ல, மழைக்கு மழை முளைத்தது. தானாக முளைத்தவற்றை அம்மையும் கூட நின்று பிடுங்கினார்.

சில மழைக்காலங்கள் போயின. சரிவில் மறுபடி புல் மூடியது.

தை மாதத்தில் ஒரு காலை. பனி விலகியபோது புல்லில் ஒரு தாய் ஆடு நின்றது, அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி. சங்கரபாண்டிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கண் மரங்கள் நின்ற இடத்தைத் தேடியது.

"அம்மா!" குரல் உடைந்து உயர்ந்தது. "என் பூங்கொடி பேர் சொல்ல இங்க இனிமே என்ன இருக்கு?"

அம்மை உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க அய்யா. குட்டி பால் குடிக்குது."