தலைவருக்குப் பிடித்த குடை

எல்லாம் ஒரு குடையால் வந்த வினை.

மீன்பிடித் துறையில் புயல் எச்சரிக்கை காட்ட எல்இடி பலகை வைத்தார் சங்கத் தலைவர் சிங்கராயர். மேற்குப் பார்த்த பலகை. அதை மூடிப் பளபளக்கும் கண்ணாடி, கண்ணாடியில் தங்க எழுத்தில் அவர் பெயர். மதியம் திரும்பினால் கண்ணாடியில் வெயில் அடித்து, அந்தப் பெயரைத் தவிர ஒரு எழுத்தும் தெரியாது.

சனம் முணுமுணுத்தது. பலகை வைத்த நாலாம் மாதம், ஒரு பிற்பகலில் தலைவர் வயர்மேன் தொபியாசைப் பலகைக்கு முன்னால் கூப்பிட்டார். "சூரியனைவிடப் பிரகாசமா எரிய வைடே. இல்லன்னா வேலையை விட்டுப் போ."

"அதுக்குச் சூரியனைத்தான் மாட்டணும் தலைவரே. கண்ணாடியைக் கழட்டிட்டு, பல்புகளுக்கு நடுவுல கறுப்புப் பூசி, வெயில் மறைக்க மேல தகரத்துல ஒரு சார்ப்பு இறக்குனா போதும்."

"என் பேரைக் கழட்டணுமா? எனக்கு நல்லாத்தான தெரியுது!"

தலைவர் எங்கே நின்றாலும் பின்னால் ஒருவர் கறுப்புக் குடை பிடிப்பார். தொபியாஸ் அந்தக் குடையைப் பணிவாக வாங்கி மடக்கினான்.

"இப்ப வாசிங்க."

தலைவர் கண்ணைச் சுருக்கினார். "என் மூஞ்சிதான் தெரியுது."

"நாலு மாசமா ஊரும் அதைத்தான் பாக்குது தலைவரே."

துறையே சிரித்தது. அன்றைக்கே கண்ணாடி இறங்கியது. மறுநாள் அதே வெயிலில் எழுத்து பளிச்சென்று நின்றது.

கித்தேரி மட்டும் சிரிக்கவில்லை. போன மாதம் பலகையில் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தபோதே, அது தெரியாமல் வள்ளம் தள்ளிப் போன அவள் புருசன் திரும்பவில்லை.

அவள் தொபியாசிடம் வந்து நின்றாள். "அந்தக் குடையை மடக்க எவ்வளவு நேரம் ஆச்சுண்ணே?"

"ஒரு நொடி, தாயி," என்றான். அப்புறம் அவனால் தலை நிமிர முடியவில்லை.